காதில் பாட்டு

“வேலை நேரத்துல பாட்டா? காதுல இருக்கறதக் கழட்டுடா!” சர்வர் அறை அதிர மேனேஜர் கத்தினார்.

டெக்னீஷியன் கழற்றவில்லை. டேட்டா சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டியின் பின்னால் குனிந்திருந்தான். அதை இயக்கும் இரண்டு மாடுல்களில் ஒன்று செத்திருந்தது; அதை உருவி மாற்ற வேண்டும். மற்றது ஒற்றை ஆளாக மொத்த டேட்டாவையும் தாங்கிக்கொண்டிருந்தது.

“செத்த மாடுல் மேனுவல் படத்துல இடது பக்கம்னு போட்டிருக்கு. உருவு,” என்றார் மேனேஜர்.

“அது முன்னாலருந்து எடுத்த படம் சார். நாம பின்னால நிக்கிறோம்.”

“எனக்கே பாடமா? தள்ளு!”

மேனேஜரே உருவினார். பெட்டியின் எல்லா விளக்குகளும் அணைந்தன.

“நல்லத உருவிட்டீங்க சார்.”

“நானா? உன் தலையில கட்டிடுவேன். உன் வேலை காலி. நான்தான் உருவுனேன்னு சொல்ல இங்க எவன் இருக்கான்?”

டெக்னீஷியன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“பாட்டு இல்ல சார், ஸ்டோரேஜ் கம்பெனியோட உதவி மையம்,” என்றது ஒரு பெண்குரல். “மாடுல் மாத்தி முடிக்கிறவரைக்கும் லைன்லயேதான் இருப்போம். முதல்லருந்து எல்லாமே பதிவாகியிருக்கு.”