அறைக்கு ஒரு வாசனை

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஊஞ்சலில் கதிரேசன், கதவோரம் தரையில் மகள் இளவேனில், மேசை முன்னால் பேனாவுடன் மனைவி திலகா. வீட்டுக்காரி கைப்பட எழுதிக் கேட்டால்தான் கம்பெனி, முகர்ந்தவர் மனதை மாற்றும் வாசனைப் புட்டிகளை அனுப்பும். கடிதத்தை வாங்கிப் போகத் தபால்காரர் வாசலில் காத்திருந்தார்.

“அடுக்களைக்குப் பசி,” என்றார் கதிரேசன். “கூடத்துக்கு, விருந்தாளி சீக்கிரம் கிளம்புறது. எழுதிட்டியா? இவ ரூமுக்குச் சம்மதம். மூணு நாள் மோந்தா அந்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டிடுவா.”

“அது வேணாம்மா,” என்றாள் இளவேனில். “அப்புறம் வேணாம்னு சொல்லவே எனக்குத் தோணாது.”

திலகா எழுதி முடித்தாள்.

“கடைசி வரிய வாசி, கேப்போம்.”

“மகள் அறைக்குச் சம்மதம்,” என்று நிதானமாக வாசித்தாள். தாளில் ‘கணவர் அறைக்கு’ என்றிருந்தது.

“இரு, கண்ணாடிய எடுத்துட்டு வரேன்.”

அவர் திரும்புவதற்குள் எச்சில் தொட்டு உறையை ஒட்டி, வாசலில் நின்ற தபால்காரரிடம் நீட்டினாள்.