மஞ்சள் தண்ணீர்

தனி நடனத்துக்குச் செம்மலர் எதையும் முன்கூட்டி அமைத்துக்கொள்வதில்லை. கூடத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு உடம்பு போன போக்கில் ஆடுவாள். பிறகு பதிவைப் பார்த்து, உயிருள்ள அசைவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவாள். அன்று ஆடி முடித்துக் குளிக்கப் போனவள் செல்போனை அணைக்க மறந்துவிட்டாள்.

ஆளில்லாத கூடத்துக்குள் மாமியார் வருவது பதிவில் இருந்தது. வேறு சாதியிலிருந்து வந்த மருமகளின் பாதம் பட்ட இடங்களைத் தேடித் தேடி, மூக்கைச் சுளித்தபடி, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

செம்மலர் தன் ஆட்டம் முழுவதையும் கைவிட்டாள். மறுநாள் குந்தி உட்கார்ந்து, இல்லாத துணியால் தரையைத் துடைத்துத் துடைத்து ஆடிப் பார்த்தாள். எல்லாம் வந்தது, அந்த அருவருப்பு மட்டும் விரல் நுனிக்கு வரவில்லை.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள். மாமியார் சொம்போடு வந்து குந்தினாள். செம்மலர் செல்போனைப் பிடித்தபடி எதிரே வந்து நின்றாள்.

"என்னடி பண்றே?"

"நிறுத்தாதீங்க அத்தை. கொஞ்சம் மெதுவாத் துடைங்க. கோயில் விழாவுல உங்க சனம் முன்னாடி இதைத்தான் ஆடப்போறேன்."

மாமியார் ஈரத்துணியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இது அதைவிட நல்லாயிருக்கு," என்றாள் செம்மலர்.