வட்டத்துக்கு வெளியே

குடியிருப்புச் செயலாளருக்கு வாசலில் படுத்திருக்கும் கறுப்பு நாயைக் கண்டாலே ஆகாது. பதினாறு வீட்டுக்காரர்களையும் மொட்டைமாடியில் கூட்டிவிட்டார்.

"சோறு வைக்கிறது யாரோ ரெண்டு மூணு பேர், தொல்லை எல்லாருக்கும். நாளைக்கே நாய் பிடிக்கிற வண்டியை வரச்சொல்லி ஏத்தி அனுப்பிடலாம்."

வீட்டுக்கொரு சீட்டு, பெயர் போடாமல் எழுதி வாங்கியிருந்த கணக்கு டீச்சர் எழுந்தார். "காலையில சோறு வைக்கிற வீடு பதினொண்ணு. ராத்திரி வைக்கிறது ஒன்பது."

"இருபதா? இருக்கிறதே பதினாறு வீடு! நல்ல கணக்கு டீச்சர்!" செயலாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

டீச்சர் சாக்பீஸால் தரையில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு வட்டம் போட்டார். "நாலு வீடு ரெண்டு வேளையும் வைக்குது. அதை நடுவுல ஒரே தடவை எழுதுவோம். காலையில மட்டும் ஏழு, ராத்திரி மட்டும் அஞ்சு. கூட்டுங்க."

பதினாறு. வட்டத்துக்கு வெளியே ஒரு வீடுகூட இல்லை. தான் மட்டும்தான் திருட்டுத்தனமாகச் சோறு வைப்பதாக நினைத்திருந்த அத்தனை பேரும் மலைத்துப்போய்த் தரையையே பார்த்தார்கள். நாய் ஏன் அப்படிக் கொழுத்திருக்கிறது என்பதும் விளங்கியது.

"அப்போ வண்டியை வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்றார் டீச்சர்.

"கணக்கு தப்பு!" என்று குதித்தார் செயலாளர். "எங்க வீடும் அந்தப் பதினாறுல ஒண்ணுதானே? நாங்க ஒரு பருக்கைகூட வச்சதில்லை!"

மொட்டைமாடியே திரும்பி அவர் மனைவியைப் பார்த்தது.

"நேரமில்லை, நீயே எழுதிக் குடுத்துடுன்னு சீட்டை என்கிட்ட நீட்டினது நீங்கதானே?" என்றார் அந்த அம்மாள்.

செயலாளரின் குரல் இறங்கிவிட்டது. "காலையிலயா, ராத்திரியா?"

அவர் மனைவி தரையைக் காட்டினார்.

"நாம நடுவுல இருக்கோம்ங்க."