பெடலை மிதிக்க ஒருவர்

ஷெர்வின் இறந்து எட்டு மாதமாகிவிட்டது. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கென்று அவர் ஆசையாய் வாங்கிவைத்த பெரிய பிரேக்குகளை, அவருடைய ஸ்போர்ட்ஸ் காரில் மனைவி ஈவ்லினே மாட்டி முடித்தாள். இனி பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகாணியைத் திறக்கும் வேலை அது. கொட்டச்சேட்டு வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

பழக்கத்தில், "ஏனுங்க, மிதிங்க" என்றாள்.

திருகாணியைத் திறந்ததும் குமிழி குமிழியாய்ப் பிரேக் ஆயில் வந்தது. எட்டிப் பார்த்தாள். இருக்கையில் யாருமில்லை. பெடல் அமுங்கியிருந்தது.

திருகாணியை மூடி, "விடுங்க" என்றாள். பெடல் மேலே வந்தது.

நான்கு சக்கரத்திலும் வேலை முடிந்தது. குமிழி நின்று வெகுநேரமாயிற்று. பாட்டிலில் மிச்சமிருந்த ஆயிலையும் பிரேக் தொட்டியில் ஊற்றினாள்.

"இன்னொருக்கா மிதிங்க" என்றாள்.