இருட்டில் ஒரு நிமிஷம்

“அருவிக்குப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சங்கிலி? கழட்டி பீரோல வை” என்று கிளம்பும்போதே சொன்னார் இன்ஸ்பெக்டர்.

“பக்கத்துலயே போலீஸ் இருக்கறப்போ எனக்கென்ன பயம்?” என்றாள் மனைவி.

போன வருஷமே ரிட்டயர் ஆகிவிட்ட மனுஷர். இன்னமும் தன்னைப் போலீஸ் என்று சொல்ல வீட்டில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று உச்சி குளிர்ந்துபோய், சங்கிலியோடேயே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சங்கிலிக்கு ஏதாவது ஆனால் அதோடு சேர்ந்து தன் மானமும் போய்விடும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அருவிக்குப் போகிற வழியில்தான் அந்தக் குகை. வாசலில் கைடு பெண் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து ஆட்களைக் கும்பல் சேர்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஐயா, வணக்கம்! என்னை ஞாபகம் இருக்குங்களா?”

இல்லாமல் இருக்குமா? பஞ்சு! அவன் கை பாக்கெட்டுக்குள் போனால் பஞ்சு பட்ட மாதிரிதான் இருக்கும் என்று ஸ்டேஷனில் வைத்த பெயர். இன்ஸ்பெக்டரே அவனை இரண்டு மூன்று தடவை உள்ளே தள்ளியிருக்கிறார்.

“இங்கே என்னடா பண்றே?”

“சுத்திப் பார்க்க வந்தேங்க. இது நம்ம வீட்டுக்காரி. கல்யாணத்தோட பழைய தொழிலைத் தலைமுழுகிட்டேங்கய்யா.”

ஒல்லியாக, வெடவெடவென்று நின்ற அந்தப் பெண் கும்பிட்டாள். இன்ஸ்பெக்டரின் மனைவி அந்த இடத்திலேயே உருகிவிட்டாள். “இப்படி என் பக்கத்துலயே வாம்மா” என்று சேர்த்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் உருகுகிற ஜாதி இல்லை.

உள்ளே கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பெண்கள் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். “இந்தப் பாறை யானை மாதிரி இருக்கு பாருங்க!” என்றாள் கைடு. எல்லாரும் யானையைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் பஞ்சுவின் விரல்களைப் பார்த்தார்.

கடைசியில் கூடம் மாதிரி ஓர் இடம் வந்தது.

“இப்போ எல்லா லைட்டையும் அணைக்கப் போறேன்” என்றாள் கைடு. “ஒரே ஒரு நிமிஷம். போன் லைட்டையும் அணைச்சிடுங்க. நம்ம கையே நம்ம கண்ணுக்குத் தெரியாது. பாறைக்குப் பின்னால அருவி விழற சத்தம் மட்டும்தான் கேக்கும். இதுக்காகத்தான் இந்தக் குகைக்கு இவ்வளவு கூட்டம்!”

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓகோ, பயல் டிக்கெட் வாங்கினது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானா!

“கையைக் கொண்டாடா இப்படி!”

“ஐயா, நாலு பேர் பார்க்கறாங்க...”

“நல்லாப் பார்க்கட்டும்.”

லைட் அணைந்தது. அப்படி ஓர் இருட்டை அவர் பார்த்ததே இல்லை. பஞ்சுவின் இரண்டு மணிக்கட்டையும் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அவன் நெளிந்தான்; இன்னும் இறுக்கினார். எல்லாரும் அருவிச் சத்தத்தில் சொக்கிப்போயிருக்க, அவர் காதில் அது விழவே இல்லை.

லைட் வந்தது.

“எல்லாரும் அவங்கவங்க பர்ஸ், போனைப் பாருங்க!” என்று பழைய குரலில் அதட்டினார்.

ஆண்கள் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார்கள். பெண்கள் பையைத் திறந்து பார்த்தார்கள். “சீப்பு, பிஸ்கட், சாவி எல்லாம் அப்படியே இருக்குங்க” என்றாள் மனைவி. யாருக்கும் எதுவும் போகவில்லை. அவர் பிடித்திருந்தது யார் கையை என்று தெரிந்ததும் ஒருவர் கையே தட்டிவிட்டார். இன்ஸ்பெக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே வந்ததும் பஞ்சு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். கோபமே இல்லை. “கையைப் பிடிச்சீங்களே, அது பெரிய உதவிங்கய்யா!” என்று கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெண்டாட்டியோடு கிளம்பினான். பாவம், அருவியில் தலையைக்கூட நனைக்கவில்லை.

அருவிச் சாரல் முகத்தில் அடித்தது. “பார்த்தியா? ரெண்டு கையும் என்கிட்ட இருந்தா அவன் என்னத்தைக் கிழிப்பான்?” என்று நெஞ்சை நிமிர்த்தினார் இன்ஸ்பெக்டர்.

“உங்க வீரமெல்லாம் சரிதான். அந்தப் பொண்ணுக்கு இருட்டுன்னா உயிரே போயிடுமாம். அவ புருஷன் கை ரெண்டையும் நீங்க பிடிச்சுக்கிட்டா, அவ யாரைப் பிடிச்சுப்பா? லைட் வர்ற வரைக்கும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்லை, பாவம்” என்ற மனைவி, போர்த்தியிருந்த துண்டைக் குளிப்பதற்காக எடுத்து அவர் தோளில் போட்டாள்.

சிரித்துக்கொண்டே திரும்பிய இன்ஸ்பெக்டர், மனைவியின் வெறுங்கழுத்தைப் பார்த்தார்.