விற்பனைக்கு ஒரு கிராமபோன்

நஞ்சுண்டப்பாவைத் திட்டாத கிராமபோன் பைத்தியம் பெங்களூரில் ஒருவர்கூடக் கிடையாது.

'பழைய அலமாரி கிராமபோன் விற்பனைக்கு' என்று அடிக்கடி பேப்பரில் விளம்பரம் கொடுப்பார். ஆசையாக ஓடினால், ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாசலைக் காட்டுவார்.

"ஆசை காட்டி அலைய விட்டு வேடிக்கை பாக்கிற ஜென்மம் சார் அது" என்று சண்டே பஜாரில் பழைய சாமான் விற்கும் சண்முகம் எச்சரித்தான்.

ஆனாலும் கோதண்டராமனால் போகாமல் இருக்க முடியவில்லை. எங்கே அலமாரி கிராமபோன் இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் போவார். குனிந்து அதன் காலைப் பார்ப்பார். வாங்காமல் திரும்பிவிடுவார்.

அவர் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது அது. தொண்ணூற்றொன்றில், பெங்களூரில் தமிழர்களை விரட்டிய காவிரிக் கலவரத்தின்போது, ஒக்கலிபுரம் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மனைவி மரகதத்தோடு ஈரோட்டுக்கு ஓடியவர். பிறகு வந்து பார்த்தபோது சுவர்தான் மிச்சம். பாத்திரம் பண்டம் போனதற்கு அழாத மரகதம், அப்பா கொடுத்த கிராமபோனுக்கு அழுதாள். ஏழு வருஷம் கழித்து, இப்போதுதான் பெங்களூருக்கு மறுபடி குடிவந்திருக்கிறார்கள்.

நஞ்சுண்டப்பா வீட்டுக் கூடத்தில், மார்பு உயரத்துக்கு, முன்கதவுகள் இறுகச் சாத்தியபடி நின்றது கிராமபோன். கோதண்டராமன் குனிந்தார். ஒரு காலில் மட்டும் பித்தளைச் சக்கரத்துக்குப் பதில் மரக்கட்டை. அவர் கையாலேயே செதுக்கியது.

அவருக்கு ரத்தம் கொதித்தது. கொள்ளையடித்த பொருளை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு விளம்பரம் வேறு கொடுக்கிறான், எவ்வளவு நெஞ்சழுத்தம்!

"விலை பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார்" என்றார் நஞ்சுண்டப்பா. "இந்தக் கதவுக்குப் பின்னாடி, சத்தம் வர்ற இடத்துல ஒரு துணி இருக்கு. அது எப்படி இருக்கும்?"

கிராமபோன் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம், அதோடு வரும் கம்பெனித் துணியின் நிறத்தைச் சொல்லித்தான் வெளியேறியிருக்கிறார்கள். கோதண்டராமன் யோசித்தார். உண்மையைச் சொன்னால், சொந்தக்காரன் வந்துவிட்டான் என்று திருடன் உஷாராகிவிடுவான். போலீஸோடு திரும்பி வருவதற்குள் பொருள் எங்கேயோ போய்விடும். பொய் சொன்னால் இப்போதே வாசல்தான்.

மரகதத்தின் முகம் நினைவுக்கு வந்தது. பொய் வரவில்லை.

"மயில்கழுத்துப் பட்டு. அன்னப்பட்சி பார்டர். எலி கடிச்ச துணிய எடுத்துட்டு, என் சம்சாரம் தன் கூரைப்புடவையிலேருந்து வெட்டித் தைச்சது. இது எங்க வீட்டுப் பொருள்."

நஞ்சுண்டப்பா கதவுகளைத் திறந்தார். பட்டு மங்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு, மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

கலவரம் நடந்த அன்றைக்கு டெம்போவில் ஒக்கலிபுரம் வழியாக வந்தாராம். கும்பல் இதை வீட்டிலிருந்து இழுத்துவந்து தெருவில் எரிந்த நெருப்பில் தள்ளப் போயிருக்கிறது. தானும் கொள்ளையடிக்க வந்தவன் போல, "இது எனக்கு" என்று கத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டாராம். அமைதி திரும்பியதும் அந்தத் தெருவுக்குப் போய் விசாரித்தால், குடும்பம் எந்த ஊருக்குப் போனது என்று சொல்ல ஆளில்லை.

கோதண்டராமன் எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். திருடன் என்று நினைத்த மனசை நினைத்து வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சொந்தக்காரங்க வந்து எடுத்துக்கலாம்னே விளம்பரம் போட்டிருக்கலாமே?"

நஞ்சுண்டப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"விரட்டின ஊர்லேருந்து, 'வாங்க, உங்க பொருளைத் தர்றோம்'னு கூப்பிட்டா நம்பி வந்திருப்பீங்களா சார்? விலைக்குன்னு போட்டாத்தானே பயமில்லாம வருவீங்க."