ரப்பர் கிண்ணத்தில் ரிசீவர்

பக்கத்து வீட்டு ஹமீதாவின் டெலிபோன் ரிசீவர், சுகிர்தா கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டரோடு இணைந்த இரண்டு ரப்பர் கிண்ணங்களில் குப்புறக் கிடந்து கீச்சிட்டது. திண்டுக்கல் நண்பரின் கம்ப்யூட்டர் அந்தக் கீச்சொலியாக அனுப்பிய புரோகிராம், சுகிர்தாவின் திரையில் வரிவரியாக ஏறியது. சத்தமாக இருமினால்கூட எழுத்துகள் சிதறிவிடும். ஆறு தடவை அப்படித்தான் கெட்டது. ஒவ்வொன்றையும் அவள் நோட்டில் குறித்து, ‘தப்பு என்னுடையதாகவும் இருக்கலாம்’ என்று சேர்த்திருந்தாள்.

“அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சிரும்னியேடி,” ஹமீதா கிசுகிசுத்தாள். “ஆறு மணிக்கு எங்க வீட்டுக்காரவுக துபாய் பூத்துல நிப்பாக. லைன் கிடைக்கலேன்னா அடுத்த வெள்ளிதான்.”

“இன்னும் பன்னெண்டு வரிதான்க்கா.”

“ஒம் மிஷினு பேசுறதுல பாதி பேசினா எங்களுக்கு ஒரு வருசத்துக்குப் போதும்.”

மணி ஆறானது. ஹமீதா தன் மூச்சுச் சத்தம் ரிசீவருக்குள் போய்விடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சுகிர்தாவுக்குத் தாங்கவில்லை. ஒன்பது வரி மிச்சமிருக்க, ரிசீவரைப் பிடுங்கி டெலிபோனில் வைத்தாள்.

ஆறு ஐந்து. ஆறு பத்து. மணி அடிக்கவில்லை.

“லைன் உசுரோட இருக்கான்னு எடுத்துப் பாருடி.”

சுகிர்தா கையை நீட்டினாள்.

“வேணாம், வேணாம்! நீ எடுக்குற நேரத்துல அவுக கூப்பிட்டுட்டா?”

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை.